ஒரு லென்ஸ் மட்டும்

பை உள்ளே வரக் கூடாது என்று சிஸ்டர் ரூபாவதி சொன்னது தனிஸ்லாசுக்குப் பெரிதாகப் படவில்லை. கேமராவை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும் என்றார், சரி. உள்ளே வைத்து எதையும் கழற்றி மாட்டக் கூடாது, ஒரு கேமரா, ஒரு லென்ஸ், அதோடு வாங்க என்றார், அதுவும் நியாயம்தான். ஆனால் கதவு மூடப்போகிற நேரத்தில், ஏதோ மறந்துபோனதைச் சேர்த்துச் சொல்வதுபோல, "பாப்பாவோட அம்மாவுக்குக் காட்ட நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க சார், இன்னைக்கே எடுத்துடுங்க" என்றாரே, அந்த 'இன்னைக்கே'தான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது. ஏன் இன்றைக்கே? நாளைக்கு எடுத்தால் என்ன? நாளைக்கு இந்த சிஸ்டருக்கு விடுமுறையாக இருக்கலாம். நாளைக்குப் பெரிய டாக்டர் வருவார், கேமராவா, கூடவே கூடாது என்பார், அப்படியும் இருக்கலாம். அல்லது நாளைக்கு. அந்த இடத்தில் நினைப்பு கால் வைக்காமல் தாண்டி, மடியில் இருந்த பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவன் ஜிப்பைத் திறந்தான். குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு வெளியே சுவரோரம் இருந்த எவர்சில்வர் நாற்காலி குளிர்ந்து கிடந்தது. எதிரே நீலக் கதவு, அதில் உள்ளங்கை அகலக் கண்ணாடி. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மகள். ஏழு மாதம்கூட நிறையாமல் அவசரப்பட்டு வந்தவள், இன்னும் பேர் வைக்காதவள். அவளை வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியில் ஒட்டிய சீட்டில் 'ஜெசிந்தா பேபி' என்றுதான் எழுதியிருந்தது. அந்த ஜெசிந்தா, அவன் ஜெசி, கீழ்த்தளத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறாள். ரத்தக்கொதிப்பு எகிறி, வலிப்பு வந்துவிடும் என்று வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். எழுந்து உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தான் பெற்றதை அவள் இன்னும் பார்க்கவில்லை. முதல் நாள் அவன் செல்போனில் ஒன்று எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். கை நடுங்கியதில் எல்லாம் நீலமாகக் கலங்கியிருந்தது. "இதுல எங்கங்க பாப்பா?" என்று கேட்டாள். அவன் விரலால் தொட்டுக் காட்டினான். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள், ஒரு டியூப், ஒரு துணி. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக ஊரார் கல்யாணத்தை எல்லாம் படம் எடுத்த புருஷனும் பெண்டாட்டியும். தங்கள் பிள்ளைக்கு ஒரு படம் இல்லை.

பைக்குள் மூன்று லென்ஸ்கள். நீளமானது அவனுடையது, எழுபது-இருநூறு ஜூம். கட்டையாக இருக்கிற ரெண்டும் ஜெசியுடையவை, முப்பத்தைந்து, எண்பத்தைந்து, இரண்டும் பிரைம், அதாவது ஜூம் இல்லாதவை, கண்ணாடி எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான், பெரிதாக வேண்டும் என்றால் எடுப்பவன்தான் நடந்து கிட்டப் போக வேண்டும். எண்பத்தைந்து வேண்டாம், அது இரண்டுங்கெட்டான், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் ஃபோகஸ் ஆகாது, தள்ளி நின்றால் போதாது. அதை எடுத்துத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தான். மிச்சம் இரண்டு. இது ஒரு கல்யாணமாக இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை, யோசிக்காமல் கை ஜூமுக்குப் போகும். மேடையில் சொந்தக்காரர்கள் அடைத்துக்கொண்டு நிற்க, வீடியோக்காரன் குறுக்கே வர, நகர இடம் இல்லாத இடத்தில் ஜூம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் உள்ளே வெளிச்சம் இல்லை. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த அறை அந்தி மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது என்று திரை போட்டு, பெட்டிகளின் மேல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறார்கள். பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை, அதனால் நீல விளக்கின் அடியில், கண்ணில் பட்டை கட்டிக் கிடக்கிறாள். விளக்கை அணைத்து, பட்டையை எடுத்து, கொஞ்ச நேரம் தருவேன் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஃப்ளாஷ் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆக, நீலமும் போன பிறகு மிஞ்சுவது திரைச்சீலை இடுக்கில் கசிகிற வெயில் மட்டும். அந்தக் கசிவுக்கு ஜூம் பற்றாது. அதன் வாய் டூ பாயின்ட் எய்ட்டுக்கு மேல் திறக்காது; முப்பத்தைந்து ஒன் பாயின்ட் ஃபோர் வரைக்கும் திறக்கும், நாலு மடங்கு வெளிச்சம் குடிக்கும். ஜூம் போட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வை, ஏற்ற வேண்டும், ஏற்றினால் கிரெயின்ஸ், தோலெல்லாம் மணல் கொட்டின மாதிரி ஆகிவிடும், அந்தத் தோலோ வெங்காயச் சருகு, உள்ளே ஓடுகிற ரத்தம்கூடத் தெரிகிறது. எனவே முப்பத்தைந்து. சரி, முடிந்தது. ஆனால் முப்பத்தைந்து என்றால் கிட்டப் போக வேண்டும். எவ்வளவு கிட்ட? பெட்டியின் பிளாஸ்டிக்கில் லென்ஸ் இடிக்கிற அளவு. ஒன் பாயின்ட் ஃபோரில் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஒரு நூல் அகலம்தான் நிற்கும், மூக்கு தெளிவாக இருந்தால் கண் கலங்கியிருக்கும், கண் தெளிந்தால் உதடு போகும். மேலும் ஜூமில் கை நடுக்கத்தைத் தாங்குகிற வசதி இருக்கிறது, அதில் இல்லை. மேலும் கிட்டப் போனால் கிருமி. மேலும். அவன் ஜூமை எடுத்து கேமராவில் மாட்டினான். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அது ஏன் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் உடனே கழற்றினான்.

உள்ளே தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கை கழுவி, கவுன் போட்டு, மாஸ்க் போட்டு வருகிற பெற்றோர் அந்தக் கோடு வரை வந்து நிற்கலாம், சிஸ்டர் கூப்பிட்டால் அதைத் தாண்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் போகலாம். ரூபாவதி சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார். "கிட்ட வாங்க சார், கையை உள்ள விட்டுத் தொடலாம், ஒண்ணும் ஆகாது." அவன் ஒவ்வொரு தடவையும் "இருக்கட்டும் சிஸ்டர்" என்றான். காபி வேண்டாம் என்பதுபோல. அந்தக் கோட்டில் நின்றால் பெட்டி தெரியும், விளக்கு தெரியும், திரையில் ஓடும் எண்கள் தெரியும். பிள்ளை ஒரு சுருட்டிய துணியாகத் தெரியும். அந்த அளவு அவனால் தாங்க முடிந்தது. ஜூம் போட்டால் அங்கேயே நின்று எடுத்துவிடலாம், இருநூறில் வைத்து இழுத்தால் முகம் சட்டம் நிறைய வந்துவிடும். ஜெசி பார்த்தால் கண்டுபிடிப்பாளா? கண்டுபிடிப்பாள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் எடுத்தவன் எங்கே நின்றான் என்று சொல்லுவாள். தள்ளி நின்று ஜூமில் இழுத்தால் பின்னணி நெருங்கி வந்து தோளில் உட்கார்ந்திருக்கும், அதை வைத்தே சொல்லிவிடுவாள். லால்குடிப் பக்கம் ஒரு பழைய மாதா கோயிலில் கல்யாணம் எடுத்த அன்றைக்கும் இதே பேச்சுதான். பூசை முடியும் வரை ஃப்ளாஷ் கூடாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மழை மேகம் வேறு. அவன் கடைசி பெஞ்சுப் பக்கம் தூணில் சாய்ந்து ஜூமால் இழுத்துக்கொண்டிருந்தான். ஜெசி சேலையைச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, ஜெபம் சொல்கிற கிழவிபோல நகர்ந்து நகர்ந்து பீடத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டாள். அவனுக்கு ஒரே கூச்சம், சாமியார் திட்டுவார், மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள் என்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வருகிற வழியில் பரோட்டாக் கடையில் கேமராவின் பின்பக்கத்தில் பார்த்தார்கள். அவனுடையதில் எல்லாரும் இருந்தார்கள், மணல் மணலாக. அவளுடையதில் பெண்ணின் அப்பா மட்டும் இருந்தார், மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டு, தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு. "நீங்க நின்ன இடத்துல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் உங்ககிட்ட வரச் சொல்றீங்க" என்றாள் ஜெசி, சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டபடி. "வராதுங்க. நாமதான் போகணும்." அவனுக்குக் கோபம் வந்தது. "தாலி கட்டுற நேரத்துல நீ எங்க வேணா போ, எனக்குப் படம் மிஸ்ஸாகக் கூடாது" என்றான். "படம் மிஸ்ஸாகலைங்க, ஆளுதான் மிஸ்ஸாகுறாங்க." அப்புறம் வீடு வரைக்கும் பேசவில்லை. இப்போது அந்தப் பேச்சு முழுவதும், பரோட்டாக்கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் உட்பட, இந்த ஸ்பிரிட் வாடைக்குள் நடந்துகொண்டிருந்தது. அவன் முப்பத்தைந்தை மாட்டினான். சின்னதாக, கனமாக, முகத்தில் மூக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. அதோடு எழுந்து போய்க் கதவைத் தட்டிவிடலாம். தட்டவில்லை.

கை நடுங்கும். அதுதான் விஷயம். நடுங்குகிற கைக்கு ஷட்டர் வேகமாக வேண்டும். ஆனால் அது மட்டும் இல்லை, பிள்ளையின் நெஞ்சு அசையும். மூக்கில் மாட்டிய குழாய் வழியாகக் காற்று தள்ளத் தள்ள நெஞ்சுக்கூடு சிட்டுக்குருவி போலப் படபடக்கிறது, கோட்டில் நின்று பார்த்தாலே தெரிகிறது. அந்தப் படபடப்பு படத்தில் கலங்காமல் நிற்க வேண்டும் என்றால் எந்த லென்ஸ் ஆனாலும் ஷட்டரை ஏற்றித்தான் ஆக வேண்டும், ஏற்றினால் வெளிச்சம் குறையும், இருக்கிறதே ஒரு சொட்டு வெளிச்சம். நெஞ்சு அசையாமல் இருந்தால் ஷட்டரைக் குறைத்துக்கொள்ளலாம். இதை அவன் நினைத்து முடித்துவிட்டான். தொழில் கணக்கு, பழகின கணக்கு, தன்பாட்டுக்கு ஓடி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அசையாத பிள்ளைக்கு எந்த லென்ஸும் போதும். அவன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். இல்லை, அப்படி நினைக்கவில்லை, லென்ஸைப் பற்றி நினைத்தேன். லென்ஸைப் பற்றித்தான். ஆனால் நினைப்பின் கதவு திறந்துவிட்டது, இனி அதை மூட முடியாது, பொன்மலையில் அந்த வீட்டு வாசல் தெரிந்தது, பந்தல் போடக்கூட நேரம் இல்லாமல் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. தொழிலுக்கு வந்த புதிதில் அவன் சாவுப் படங்கள்தான் எடுத்தான். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்க ஒரு படம், தலைமாட்டில் மூத்த பிள்ளை நிற்க ஒரு படம். யாரும் அசைய மாட்டார்கள், வேலை சுலபம். அந்த வீட்டில் மட்டும் பெட்டி முழங்கை நீளம்தான் இருந்தது. காய்ச்சலில் போன கைக்குழந்தை. கிறிஸ்துமசுக்குத் தைத்த கவுனைப் போட்டிருந்தார்கள். எடுத்து முடித்துக் கிளம்பும்போது அந்தத் தாய் பின்னாலேயே வந்து, "தம்பி, கண்ணத் தெறந்த மாதிரிப் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டாள். முடியும்க்கா என்று சொல்லிவிட்டு கலர் லேபுக்கு ஓடினான். அங்கே கம்ப்யூட்டரில் ஆல்பம் வடிவமைக்கிற வேலையில் இருந்தவள்தான் ஜெசி. மற்ற ஆட்கள் எல்லாம் சிரமம் என்று சொல்ல, அவள் மட்டும் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இவளுக்கு வேற யார் கண்ணையும் வைக்கக் கூடாது. உயிரோட இருக்கும்போது எடுத்த படம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள். அவன் திரும்பப் போய்க் கேட்டான். அந்த வீட்டில் இல்லை. ஒன்றுகூட இல்லை. எடுக்கலாம் எடுக்கலாம் என்று இருந்துவிட்டார்களாம். எடுக்கலாம் எடுக்கலாம். இன்னைக்கே எடுத்துடுங்க. சிஸ்டருக்குத் தெரியும், டாக்டர் சொல்லியிருப்பார், காலையில் டாக்டர் அவனைப் பார்த்தும் நிற்காமல் போனார், தலையை மட்டும் அசைத்தார், அது வணக்கமா, வருத்தமா? சிஸ்டர்களுக்கு இதில் பழக்கம் உண்டு, ஜாடையாகத்தான் சொல்வார்கள், நேரே சொன்னால் ஆள் விழுந்துவிடுவான் என்று. அப்படியென்றால் நான் எடுக்காவிட்டால்? நான் இங்கேயே உட்கார்ந்து எந்த லென்ஸ் எந்த லென்ஸ் என்று யோசித்துக்கொண்டே இருந்தால், இன்றைய நாளே முடியாது, படம் எடுக்கிற வரைக்கும் எதுவும் ஆகாது. முட்டாள்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் அவன் முப்பத்தைந்தைக் கழற்றினான். மூடி போட்டான். மூடியைத் திறந்து, இல்லாத தூசியை ஊதினான்.

போன் அதிர்ந்தது. மாமனார். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர், சவரிமுத்து, அவர் மெதுவாகப் பேசி தனிஸ்லாஸ் கேட்டதே கிடையாது. இப்போது மெதுவாகப் பேசினார். "மாப்ள, பங்குச் சாமியார்கிட்ட பேசிட்டேன். கூப்பிட்டா எந்நேரமும் வர்றேன்னுட்டாரு."

"எதுக்கு மாமா?"

"எதுக்குன்னா..." என்று இழுத்தார். "ஞானஸ்நானம். ஆஸ்பத்திரியிலேயே குடுத்துரலாம்னு. அவசரம்னா சாமியார்கூட வேணாமாம், யார் வேணாலும் தண்ணி தொட்டு வைக்கலாமாம், நீங்களே வைக்கலாமாம். பேரு மட்டும் ஒண்ணு நெனச்சு வச்சுக்குங்க."

"டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா மாமா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட?"

"எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் ஏதோ ரயில் கூவியது. "சாப்பிட்டீங்களா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றான். சாப்பிடவில்லை.

பேரு மட்டும் ஒண்ணு நெனச்சு வச்சுக்குங்க. பேர் வைத்தால் அந்தச் சீட்டில் எழுதுவார்கள். பேர் இல்லாத வரைக்கும் அது ஜெசியின் ஒரு துண்டு, ஜெசிந்தா பேபி, ஜெசி இருக்கும்வரை இருக்கும். அவன் ஜூமை எடுத்தான், இந்தத் தடவை தீர்மானமாக மாட்டினான். போதும். தள்ளி நின்று ஒன்று, நடுக்கம் இல்லாமல் ஒன்று, முகம் தெரிகிற மாதிரி ஒன்று. மணல் இருந்தால் இருக்கட்டும், ஜெசியே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மணலைத் துடைத்துக்கொள்வாள், உட்கார முடிகிற நாளில். அவன் எழுந்து கதவருகே போனான். தட்டக் கையைத் தூக்கினான். உள்ளே மணி அடித்தது. மணி அடிப்பது புதிதில்லை, அங்கே எப்போதும் ஏதாவது ஒன்று அடித்துக்கொண்டிருக்கும், சிஸ்டர்கள் திரும்பிப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துவார்கள். இந்த மணி நிற்கவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்தான். ரூபாவதி சிஸ்டர் ஓடவில்லை, ஆனால் வேகமாக நடந்தார், ஜன்னலோரப் பெட்டிகளை நோக்கி. அங்கே மூன்று பெட்டிகள் நெருங்கி நெருங்கி இருந்தன, மூன்றின் மேலும் ஒரே மாதிரிப் போர்வை. நடுவில் இருப்பது பாப்பா. சிஸ்டர் நின்றது நடுவிலா, இந்தப் பக்கமா? அவர் முதுகு மறைத்தது. யோசிக்காமல் கேமராவைக் கண்ணில் வைத்துக் கண்ணாடியில் முட்டக் கொடுத்து இருநூறுக்கு இழுத்தான். உள்ளே எல்லாம் திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. சிஸ்டரின் முழங்கை. கையுறை. பெட்டியின் வட்ட ஜன்னல் திறந்திருந்தது. நீல வெளிச்சம். ஜெசிந்தா என்ற எழுத்தில் பாதி, 'ஜெசி' மட்டும். அதற்கு உள்ளே, கட்டைவிரல் பருமனில் ஒரு பாதம். சிஸ்டரின் விரல் அந்தப் பாதத்தின் அடியில் சுண்டியது. ஒன்றும் இல்லை. மறுபடி சுண்டியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் இருநூறைப் பிடித்துக்கொண்டு நின்றான், அதற்கு மேல் இழுக்க லென்ஸில் இடம் இல்லை, இவ்வளவு பக்கத்தில் தெரிகிற பாதத்தை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, சிஸ்டர் சுண்டுகிற விரலுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு கதவும் ஒரு மஞ்சள் கோடும் இருந்தன. சுண்டுங்க சிஸ்டர் என்று சொன்னான், சத்தமாகவா உள்ளுக்குள்ளா என்று தெரியவில்லை. இன்னொரு சுண்டல். பாதம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது, கோபம் வந்த மாதிரி. ஐந்து விரலும் விரிந்தன. மணி நின்றது.

அவன் கதவை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஜூமைக் கழற்றினான். பின்மூடி பொருந்த மறுத்தது, அப்படியே பைக்குள் போட்டான். முப்பத்தைந்தை மாட்டினான். பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து கதவைத் தட்டினான்.

"வாங்க சார்" என்றார் சிஸ்டர், ஒன்றும் நடக்காதது போல. கேமராவை வாங்கிப் பஞ்சால் துடைத்தார். அவன் முழங்கை வரை கழுவினான், கவுன் போட்டான். "இப்ப மணி அடிச்சதே, சிஸ்டர்."

"பாத்துட்டீங்களா? குறைமாசப் பிள்ளைங்க அப்பப்ப மூச்சு விட மறந்துரும் சார். ஒரு சுண்டு சுண்டினா ஞாபகம் வந்துரும். வளர வளர மறதி போயிரும்."

"எல்லாப் பிள்ளைங்களுமா?"

"உங்க பொண்ணு கொஞ்சம் சோம்பேறி" என்றார் சிஸ்டர். மாஸ்குக்கு மேலே கண்கள் சிரித்தன.

மஞ்சள் கோட்டை எப்போது தாண்டினான் என்று அவன் கவனிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இதமான சூடு அடித்தது. சிஸ்டர் நீல விளக்கை அணைத்தார், அந்தி வந்து விழுந்தது. வட்ட ஜன்னலுக்குள் கையை விட்டுக் கண்பட்டையை மெல்ல உரித்தார். "சீக்கிரம் சார்." அவன் குனிந்தான். முப்பத்தைந்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, தன் மூச்சுதான் மாஸ்கிலிருந்து ஏறி வியூஃபைண்டரில் பனித்தது. லென்ஸைத் திறந்த வட்டத்துக்கு நேராகக் கொண்டுபோனான், உள்ளே இருந்த சூடான ஈரக் காற்று புறங்கையில் பட்டது. அங்கே ஒரு முகம் இருந்தது. துணி இல்லை, எண்கள் இல்லை, முகம். பட்டை அழுத்திய கோடு நெற்றியில். புருவம் இருக்க வேண்டிய இடங்கள் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. யாரோ தூக்கத்தைக் கலைத்துவிட்டார்கள் என்ற பெரும் எரிச்சல். அவன் ஷட்டரை அழுத்தினான். கை ஆடியது, மறுபடி அழுத்தினான். நெஞ்சு படபடத்தது, அது ஏறி இறங்கி நிற்கும் இடுக்கில் அழுத்தினான். இத்தனை வருஷத்தில் மனிதர்களைப் பார்த்து அவன் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை வாய்க்குள்ளேயே வந்தது, "இங்க பாருங்க, இங்க பாருங்க." பார்க்கவில்லை. "போதும் சார்" என்று சிஸ்டர் பட்டையைக் கட்டினார், நீலம் மறுபடி வந்தது. நிமிர்ந்தபோது அவன் முதுகு நனைந்திருந்தது. அப்போதுதான் கேட்டான், கேட்க வேண்டாம் என்று இருந்தும் கேட்டுவிட்டான்.

"இன்னைக்கே எடுக்கணும்னு சொன்னீங்களே. ஏன் சிஸ்டர்?"

"பால் வரணும்ல சார்?" என்றார் அவர். "கீழ ஐசியூ சிஸ்டர் காலையிலேருந்து சொல்றாங்க, அம்மாவுக்கு ஒரு சொட்டு இல்லைன்னு. பிள்ளையப் பாக்காம எப்படிச் சுரக்கும்? முகத்தைப் பாத்தா சுரக்கும். நாள் தள்ளினா சீம்பால் கிடைக்காமப் போயிரும், இவளுக்கு அதுதான் மருந்து. அதுக்குத்தான் இன்னைக்கேன்னேன்." அவன் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றான்.

கீழே ஐசியூவில் ஜெசி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். முகம் உப்பி, கன்னம் பளபளவென்று, வேறு யாரோ போல இருந்தாள். கையில் ஊசி, புஜத்தில் ரத்தக்கொதிப்புப் பட்டை. அவன் கேமராவை அவள் நெஞ்சின் மேல் நிறுத்திப் பிடித்தான். அவள் கண்ணைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஊசி குத்தாத கையின் கட்டைவிரல் பழக்கப்படி பொத்தானைத் தேடிப் போய்ப் படத்தைப் பெரிதாக்கியது, நகர்த்தியது, இன்னும் பெரிதாக்கியது.

"ஃபோகஸ் டியூப்ல விழுந்திருக்கு" என்றாள். குரல் தேய்ந்து வந்தது.

"கை ஆடிடுச்சு ஜெசி."

அடுத்த படத்துக்குப் போனாள். "இதுல காது." அடுத்தது. "இதுல ஒண்ணுமே இல்ல." அடுத்ததில் நின்றாள். கட்டைவிரல் அசையவில்லை. "என்னோட முப்பத்தஞ்சா?"

"ம்."

"எவ்ளோ கிட்டப் போனீங்க?"

அவன் காட்டினான், ஒரு சாண். அவள் அந்தச் சாணையும் அவன் முகத்தையும் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். திடீரென்று வாய் கோணி, "யாரு மேலங்க இவ்ளோ கோவம்? அப்படியே எங்க அப்பா" என்றாள். சிரிக்க வந்தது. தையல் இழுத்து 'ஸ்ஸ்' என்றாள், சிரித்துக்கொண்டே கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. தலைமாட்டில் எண்கள் ஏறின. அங்கிருந்த சிஸ்டர் ஓடிவந்து, "என்னம்மா, அமைதியா இருக்கணும்னு சொன்னேன்ல? சார், நீங்க கிளம்புங்க" என்றார்.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள் ஜெசி. கேமராவை விடவில்லை. "எங்க அப்பா போன் பண்ணாராங்க? சாமியாரப் பத்தி?"

அவன் தலையசைத்தான்.

"எனக்கும் பண்ணாரு. கோயில்ல வச்சுக்குவோம்னு சொல்லிடுங்க. நான் நடந்து வரணும்ல?" என்றாள். பிறகு மூச்சு வாங்கினாள், சட்டென்று குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி கவுனில் ஒரு பக்கம் காசு அளவுக்கு ஈரம். அவளுக்கே புரியவில்லை. "சிஸ்டர்" என்றாள் பயந்துபோய், "இது என்ன சிஸ்டர்?"

சிஸ்டர் பார்த்தார். திட்டுவதை மறந்து, ஊசி இல்லாத ஒரு சிறிய சிரிஞ்சைத் தேடி ஓடினார். திரையை இழுத்துவிட்டு அவனை வெளியே நிறுத்தினார். உள்ளே ஜெசி வலியில் முனகுவதும், சிஸ்டர் "அழுத்துங்க, இன்னும் கொஞ்சம், படத்தப் பாத்துக்கிட்டே அழுத்துங்க" என்பதும் கேட்டன. திரை விலகியபோது சிரிஞ்சின் அடியில் மஞ்சளாக, நெய் உருக்கினாற்போல, கொஞ்சம் இருந்தது.

"ஓடுங்க" என்றாள் ஜெசி.

லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினான். கேமரா அவளிடமே இருந்துவிட்டது, மூன்றாம் மாடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, திரும்பிப் போகவில்லை. ரூபாவதி சிஸ்டர் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கொஞ்சந்தான் வந்துச்சு சிஸ்டர்" என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல.

"இது கொஞ்சமா? இவ வயித்துக்கு இது விருந்து சார். கையைக் கழுவிட்டு வாங்க, பிடிச்சுக்குங்க."

அவன் கழுவினான். வட்ட ஜன்னல் வழியே கையை உள்ளே விட்டு, அந்தத் தலையைப் பிடித்தான். உள்ளங்கையில் பாதிகூட நிறையவில்லை, சூடாக இருந்தது. சிஸ்டர் ஒரு சிறு பஞ்சை சீம்பாலில் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தடவினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு அசைந்தது, எதையோ விசாரிப்பது போல மெல்ல அசைந்தது. புருவ முடிச்சு கொஞ்சம் இளகியது. சிஸ்டர் இரண்டாவது பஞ்சைத் தொட்டு எடுத்தார். அது வருவதற்கு முன்பே பாப்பா வாயைத் திறந்தாள்.